பிரதம மந்திரி இல்லாத ஐந்து மணித்தியாலம்

பிரதம மந்திரி மாறப் போகிறார் என்று தொலைக்காட்சியில் கதை அடிபடத் தொடங்கினால் ரஞ்சனி எனக்குத் தொலைபேசி எடுப்பாள். நான் முப்பது வருஷம் தேநீர் போட்ட பிரதம மந்திரி கந்தோரில், என் இடத்தில் இப்போது வேலை செய்கிறவள் அவள்தான். போன தடவை அழாத குறையாகக் கேட்டாள். “அக்கா, அவரு போனா நாங்களும் போகணுமா?”

“நீ நிரந்தரம்தானே? உனக்கென்ன?” என்றேன்.

“இல்லக்கா, எல்லாரும் பெட்டி கட்டுறாங்க. பாக்கப் பயமா இருக்கு.”

அவளுக்குத் தொலைபேசியில் முழுக்கச் சொல்ல எனக்கு வரவில்லை. எனக்கு வாயால் சொல்ல எப்போதும் கஷ்டம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எழுதினால் கொஞ்சம் வரும். அதனால் எழுதி வைக்கிறேன். யாருடைய பெரிய பெயரையும் இதில் எழுதப் போவதில்லை. வந்து போன பிரதம மந்திரிகள் எல்லாரும் எனக்கு ஒரு கோப்பை, ஒரு சோசர், சீனி எத்தனை கரண்டி என்ற கணக்குத்தான்.

முதலில் ரஞ்சனிக்குப் புரிய வேண்டியது இது. பிரதம மந்திரியை நாங்கள் யாரும் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வதில்லை. பாராளுமன்றத்தில் அதிகம் பேர் யாருக்குப் பின்னால் நிற்பார்கள் என்று ஜனாதிபதி நினைக்கிறாரோ, அவரைக் கூப்பிட்டு நியமிக்கிறார். அந்த நியமனக் கடிதத்தோடு ஒரு கூட்டம் கந்தோருக்குள் வரும். பிரத்தியேகச் செயலாளர், இணைப்புச் செயலாளர், அவர்களுடைய ஆட்கள். அவர் போகிற நாளில் அந்தக் கூட்டமும் போய்விடும். தட்டெழுதுகிறவர், சாரதி, பியோன், தேநீர் போடுகிறவள் நிற்பார்கள். எங்களுக்கு மேலே நிர்வாக உத்தியோகத்தர் ஒருவர். அவரும் நிற்பார்.

என் காலத்தில் அந்த உத்தியோகத்தர் பியசேன மாத்தயா; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. மெலிந்த மனிதர். முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, வெயிலோ மழையோ ஒரு கறுப்புக் குடை. இளவயதில் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அங்கத்தைய அரசாங்கக் கந்தோரில், ஆறு வருஷம் வேலை செய்தவர். அதனால் எங்களோடு தமிழ் கதைப்பார், அதுவும் அசல் யாழ்ப்பாணத் தமிழ். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்பில் ஜிந்துப்பிட்டிக்கு வாழ வந்த எனக்கு அந்தத் தமிழ் பாதிதான் விளங்கும். ஒரு சிங்கள மனிதர் “ஓம், ஓம், நீர் உதை அங்காலை வையும்” என்று சொல்லும்போது நான் தமிழச்சியாக இருந்தும் முழித்துக்கொண்டு நிற்பேன்.

என் புருஷன் துறைமுகத்தில் வேலை செய்து செத்துப்போன பிறகுதான் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதமும் கோப்பை கழுவினேன், தட்டுப் பிடிக்கப் பழகினேன், அவ்வளவுதான். வடக்கில் சண்டை மும்முரமான பிறகு என் வேலைக்குள் ஒரு புது வேலை வந்தது. பிரதம மந்திரிக்குப் போகிற ஒவ்வொரு கேத்தலிலிருந்தும் முதல் கோப்பையை நானே ஊற்றி, பாதுகாப்பு சார்ஜன்ட் பார்த்துக்கொண்டிருக்க நானே குடிக்க வேண்டும். குடித்த பிறகு பத்து நிமிஷம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அசையாமல் நிற்க வேண்டும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் கேத்தல் உள்ளே போகும். அதுவரை ஆறாமல் இருக்க, பஞ்சு வைத்துத் தைத்த உறை ஒன்றைப் போர்த்தி வைப்பேன். அப்படியும் ஆறாத தேநீர் குடித்த பிரதம மந்திரி என் காலத்தில் ஒருவரும் இல்லை. ஒரு நாளைக்கு ஆறு கேத்தல் போனால் எனக்கு ஆறு கோப்பை. வயிற்றெரிவு அப்போது பிடித்ததுதான், இன்னும் விடவில்லை.

ஒரு முறை புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, தமிழ்ப் பொம்பிளையைக் குசினியில் வைத்திருக்க முடியாது என்று நின்றார். பியசேன மாத்தயா குரலை உயர்த்தவில்லை. ஒரு தாளை எடுத்து அவர் முன் வைத்தார்.

“சரி, எடுத்துவிடுவோம். அவருக்குப் பதிலாக யார் முதல் கோப்பையைக் குடிப்பது என்று இதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் ஆட்களில் ஒருவர் என்றாலும் சரி.”

அதிகாரி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். மாத்தயா தாளைத் திரும்ப எடுத்து அதே அடுக்கில் வைத்தார். அவருடைய முறை அதுதான். யாரோடும் சண்டை பிடிக்க மாட்டார். எழுதித் தரச் சொல்வார்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

அந்த வருஷங்களில் கொழும்பில் எங்கள் தமிழ் ஆட்கள் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொலிஸ் படிவம் இருந்தது. வீட்டில் யார் யார் தங்குகிறார்கள், ஊர் எது, எதற்காக வந்தார்கள் என்று எழுதி, ஸ்ரேஷனில் சீல் குத்தி வாங்கி வைத்திருக்க வேண்டும். புதிதாக ஒருவர் வந்தால் உடனே போய்ப் பதிய வேண்டும். என் தம்பி செல்வராசு ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் வேலைக்கென்று வந்து, ஜிந்துப்பிட்டியில் என் அறையில் தங்கியிருந்தான். வந்து நான்கு நாள். முதல் நாளே நான் அவனைக் கூட்டிக்கொண்டு ஸ்ரேஷனுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அங்கே வரிசையில் நிற்க வேண்டும், மேசைக்கு முன்னால் நின்று சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும், என் சிங்களத்தைக் கேட்டு அங்கே ஒருவர் எப்போதும் சிரிப்பார். சனிக்கிழமை போகலாம் என்று தள்ளிப்போட்டேன். தினமும் பிரதம மந்திரியின் வாசலால் போய் வருகிற எனக்கு அந்த மேசை முன்னால் நிற்க வெட்கம். உண்மை அதுதான்.

வியாழக்கிழமை விடியற்காலை பொலிஸ்காரர்கள் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். கதவைத் தட்டினார்கள். படிவத்தைக் கொடுத்தேன். படிவத்தில் ஒரு பெயர், அறையில் இரண்டு பேர்.

“இவன் யாரு?”

“தம்பிங்க சேர். என் கூடப் பொறந்த தம்பி.”

“பேரு எங்க?”

செல்வராசு சட்டை கூடப் போடவில்லை. “அக்கா, நீ பயப்படாத, சும்மா கேக்கத்தான் கூட்டிட்டுப் போறாங்க” என்றான். எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே லொரியில் ஏறினான். நான் அவன் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஸ்ரேஷன் வாசலில் ஒரு கான்ஸ்டபிள் சட்டையை வாங்கிக்கொண்டார். பின்னேரம் ஐந்து மணிக்குள் பொறுப்பான அரசாங்க உத்தியோகத்தர் யாராவது கடிதம் கொடுத்தால் ஸ்ரேஷன் பொறுப்பதிகாரி, ஓஐசி, பார்ப்பார் என்றார். இல்லாவிட்டால் ஐந்து மணிக்கு லொரி தெற்கே முகாமுக்குப் போகும். எங்கள் ஒழுங்கையிலிருந்து முன்பு அப்படிப் போன ஒருவர் திரும்பி வர ஒன்றரை வருஷம் எடுத்தது. வந்தபோது அவருக்குக் கை நடுக்கம்.

பொறுப்பான உத்தியோகத்தருக்கு எனக்கு என்ன குறை? நேராகக் கந்தோருக்குப் போனேன். பிரத்தியேகச் செயலாளர் நல்ல மனிதர். அதற்கு முன் ஒரு சாரதியின் மைத்துனனுக்காக ஒரு தொலைபேசி அழைப்பிலேயே ஆளை வெளியே எடுத்துக் கொடுத்தவர். பஸ்ஸில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். போய்ச் சேரப் பத்தேகால்.

வாசலில் நின்ற பிரதம மந்திரியின் காரில் கொடி இல்லை. சாரதி கொடியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பாக்கியம், தெரியாதா?” என்றார். “பெரியவர் விலகிட்டார். பத்து மணிக்கு ஜனாதிபதி கடிதத்தை ஏத்துக்கிட்டாராம்.”

“இப்ப யாருங்க பிரதம மந்திரி?”

“இப்பவா? யாரும் இல்ல.”

நான் உள்ளே ஓடினேன். செயலாளர் மேசை லாச்சிகளை வெளியே இழுத்து வைத்து, தன் பிள்ளைகளின் படத்தை ஒரு பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவர் தொலைபேசியை எடுத்தார். எண்ணைச் சுழற்றத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு வைத்தார்.

“பாக்கியம், நான் யார் கதைக்கிறேன் என்று சொல்லுவேன்?” என்று சிங்களத்தில் கேட்டார். “காலையில் என்றால் சொல்லியிருப்பேன். பத்து மணியோடு எனக்கும் வேலை இல்லை. பெயரைக் கேட்டதும் அவன் சிரிப்பான். உன் தம்பிக்குத்தான் கெடுதி.”

அவர் கண்ணைத் துடைத்தாரா, வியர்வையைத் துடைத்தாரா தெரியாது. படத்தைப் பெட்டிக்குள் வைத்தார்.

பக்கத்து அறையில் பியசேன மாத்தயா தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். பிரதம மந்திரி இல்லாத நேரத்தில் செய்ய வேண்டியவை என்று அவரிடம் ஒரு ஒழுங்கு உண்டு. சுவரில் இருந்த படத்தை இறக்குவார். கதவிலிருந்த பெயர்ப் பலகையை ஆணி வளையாமல் கழற்றுவார். வெளியே போன கடிதங்களின் பதிவேட்டில் கடைசி இலக்கத்துக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, நேரத்தை எழுதுவார். றப்பர் முத்திரைகள், பெயர் அச்சடித்த கடிதத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு இரும்புப் பெட்டியில் போட்டு, அரக்கை உருக்கிப் பூட்டின் மேல் ஒட்டுவார். புதியவர் வந்துதான் அது உடைபடும். கடைசியாகப் பெரிய அறையைப் பூட்டி, சாவியை வெள்ளித் தட்டில் வைப்பார். புதியவர் சத்தியப் பிரமாணம் எடுத்து, நல்ல நேரம் பார்த்துக் கந்தோருக்கு வரும்போது, வாசலில் மாத்தயாவே நின்று அந்தச் சாவியைக் கையில் கொடுக்க வேண்டும். அன்றைக்கு நல்ல நேரம் மூன்று நாற்பது என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். யார் வருவார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

குசினியில் கேத்தலைப் பிடித்தபடி நின்றேன். தட்டெழுதுகிற புவனா மிஸ் உள்ளே வந்தா. அவ வெள்ளவத்தையில் இருக்கிறவ, ஊர் யாழ்ப்பாணம். பட்டென்று கதைப்பா, பகிடி விடுவா.

“பிரதம மந்திரியாக வர மூண்டு பேர் வெள்ளை உடுப்பு இஸ்திரி போட்டு வைச்சுக்கொண்டு ரெலிபோனுக்குப் பக்கத்திலை குந்தியிருக்கினமாம். ஒருத்தருக்குத்தான் அடிக்கும், மற்ற ரெண்டு பேரும் உடுப்பைத் திரும்பக் கழட்டவேணும்” என்று சிரித்தா. பிறகு என் முகத்தைப் பார்த்தா. “என்ன பாக்கியம், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?”

சொன்னேன். அவ சிரிப்பை நிறுத்தினா. கதவைச் சாத்தினா.

“எத்தினை மணிக்கு லொரி?”

“அஞ்சு மணிக்குங்க மிஸ்.”

அவ போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தா. கையில் ஒரு தாள். புதுவருஷ வாழ்த்து அனுப்ப என்று பிரதம மந்திரி சில தாள்களில் அடியில் கையெழுத்து மட்டும் போட்டு வைப்பது வழக்கம். மேலே வாழ்த்தைத் தட்டெழுதுவா. அதில் மிஞ்சின ஒன்றைப் பெட்டிக்குள் போகாமல் தடுத்து, அதில் செல்வராசுவின் பெயரைத் தட்டெழுதியிருந்தா. இன்னார் எனக்குத் தெரிந்தவர், நம்பிக்கையானவர் என்று. அடியில் பிரதம மந்திரியின் அசல் கையெழுத்து.

“திகதியைப் பார். நேற்று. நேற்று அந்தாள் பிரதம மந்திரிதானே? ஆர் என்ன கேக்கிறது?”

“மிஸ், இது பிழையில்லையா?”

“பிழைதான். லொரி சரியோ?”

தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தேன். நெஞ்சில் அது குத்திக்கொண்டே இருந்தது.

வெளியே போக முடியவில்லை. புது ஆட்கள் வருகிறார்கள் என்று கேற்றை மூடியிருந்தார்கள். பியசேன மாத்தயாவின் கையெழுத்தோடு அனுமதித் துண்டு இருந்தால்தான் விடுவார்கள். ஒரு மணி வரை நான் அவருடைய கதவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவருடைய அறைக்குள் முதல் தடவையாக, தேநீர் இல்லாமல், வெறுங்கையோடு போனேன்.

“என்ன?”

“வெளிய போகணுங்க ஐயா.”

“இண்டைக்கோ? என்னத்துக்கு?”

வயிற்றுவலி என்று சொல்லத்தான் போனேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் வயிற்றுவலி வரவில்லை. தம்பியைச் சொன்னேன், படிவத்தைச் சொன்னேன், வெட்கத்தில் போகாமல் விட்டதையும் சொன்னேன். முழுதும் கேட்ட பிறகு அவர் சொன்னார்.

“பேரைப் பதியேல்லை. அது உம்மடை பிழை.”

“ஆமாங்க ஐயா.”

“உமக்குத் தெரிஞ்ச பிழைக்கு அவர் லொரியிலை போறார்.”

நான் அழவில்லை. அழுதிருந்தால் அவர் கதைப்பதை நிறுத்தியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

“எனக்கு உம்மடை தம்பியைத் தெரியாது” என்றார். “நான் பாக்காத ஆளைத் தெரியும் எண்டு எழுத ஏலாது. முத்திரை பெட்டிக்குள்ளை. அதை நான் உடைக்க ஏலாது. எனக்குத் தெரிஞ்சது உம்மைத்தான்.”

கோடு போட்ட ஒரு வெறுந்தாளை எடுத்தார். தன் பெயர், பதவி, அடையாள அட்டை இலக்கம், கந்தோரின் தொலைபேசி எண். அதன் கீழே சிங்களத்தில் எழுதத் தொடங்கினார். எழுத எழுதத் தனக்குத்தானே வாசித்தார். அது அவருடைய பழக்கம். “இந்தப் பெண் பதினொரு வருஷமாக எனக்குக் கீழே வேலை செய்கிறார். பிடிபட்டிருப்பவர் தன் தம்பி என்று சொல்கிறார். இந்தப் பதினொரு வருஷத்தில் இவர் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை, இந்தக் கந்தோரிலிருந்து ஒரு பொருள் எடுத்ததில்லை. ஆகையால் அவர் சொல்வதை நான்...”

பேசாமல் நின்றால் இன்னும் ஒரு நிமிஷத்தில் கையெழுத்து விழும். நான் துண்டையும் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு போகலாம். தாளைக் காட்டினால் அவர் பேனையை மூடிவிடலாம். தம்பி லொரியில் போவான், புவனா மிஸ்ஸின் வேலையும் போகும். எது சரி என்று நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த வசனத்துக்குக் கீழே அவர் பெயர் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். திரும்பி நின்று சட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

அவர் விரித்துப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். திகதியைப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்து சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

“உதிலை இலக்கம் இல்லை” என்றார். “இலக்கம் இல்லாத கடிதத்தைப் பொலிஸ் நம்பாது. இங்கைதான் ரெலிபோன் எடுக்கும். நான்தான் எடுப்பன். அப்பிடி ஒரு கடிதம் இங்கையிருந்து போகேல்லை எண்டு சொல்லியிருப்பன்.”

“ஐயா...”

“சொல்லியிருப்பன்” என்றார் திரும்பவும்.

ஆர் தந்தது என்று கேட்பார் என்று காத்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. அந்தத் தாளைத் தன் லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். பிறகு தான் எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தார். “ஒரு பொருள் எடுத்ததில்லை” என்ற இடத்தில் பேனை நின்றது. வெட்டப் போகிறார் என்று நினைத்தேன். வெட்டவில்லை. மிச்ச வசனத்தை முடித்தார், கையெழுத்துப் போட்டார், நேரத்தை எழுதினார். ஒன்று ஐம்பது.

துண்டையும் கடிதத்தையும் நீட்டி, “ஓடும்” என்றார்.

கொள்ளுப்பிட்டி வரை நடந்தேன். பஸ் வரவில்லை. ஒரு முச்சக்கர வண்டிக்காரர் கொட்டாஞ்சேனைக்கு என்றதும் போக மாட்டேன் என்றார். இன்னொருவர் வந்தார். கோட்டையில் ஒரு சோதனை, அதைத் தாண்டி இன்னொரு சோதனை. இறக்கி, பையைக் கொட்டி, திரும்ப ஏற்றினார்கள். ஸ்ரேஷனுக்குள் கால் வைக்க மூன்று மணி கடந்துவிட்டது. முற்றத்தில் லொரி பின்பக்கம் திறந்தபடி நின்றது. வரிசை இருந்தது. நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையைத் தாண்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

“சேர், கடுதாசி.”

ஓஐசி வாசித்தார். அவருக்குப் பின்னால் வானொலி சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தின் இரைச்சலில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

“பிரதம மந்திரி கந்தோரா? என்ன வேலை?”

“தேத்தண்ணி போடுறேங்க சேர்.”

“பிரதம மந்திரிக்கா?” மேசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். “சரி. இப்ப பிரதம மந்திரி யாரு? சொல்லு பாப்போம்.”

முழு நாட்டுக்கும் தெரிந்திருந்தது. அரை மணித்தியாலத்துக்கு முன்னால் வானொலியில் சொல்லியாகிவிட்டது. எனக்குத் தெரியாது. முச்சக்கர வண்டியில் வானொலி இல்லை. மூன்று பெயர்கள் கந்தோரில் அடிபட்டன, அதில் ஒன்றைச் சொல்லலாம். சொன்னது பிழைத்தால் எல்லாம் பொய் என்றாகிவிடும்.

“தெரியாதுங்க சேர்” என்றேன். “நான் வரும்போது யாருமே இல்ல.”

சிரிப்பு இன்னும் பெரிதாகியது. ஓஐசி மட்டும் சிரிக்கவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.

“பிரதம மந்திரி கந்தோரில வேலை, பிரதம மந்திரி யாருன்னு தெரியாது. சீல் இல்ல. தலைப்பு இல்ல. கொப்பித் தாள். இத நம்பி ஒருத்தன விடச் சொல்றியா தங்கச்சி?”

“போன் நம்பர் இருக்குங்க சேர்” என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

அவர் தொலைபேசியை இழுத்து எண்ணைச் சுழற்றினார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது ஆகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மூன்று நாற்பது நல்ல நேரம். அந்த நிமிஷத்தில் கந்தோர் முழுக்க வாசலில் நிற்கும். குத்துவிளக்கு, வெற்றிலை, படம் பிடிக்கிறவர்கள். பியசேன மாத்தயா வெள்ளித் தட்டோடு முன்னால் நிற்க வேண்டும். உள்ளே ஒரு ஈ, காக்கை இருக்காது.

மணி அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. ஓஐசி ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தார். அடித்தது, அடித்தது. ஒரு கான்ஸ்டபிள் வெளியே போய் லொரிக்காரனிடம் ஏதோ சொன்னான். அடித்துக்கொண்டே இருந்தது. ஓஐசி வைக்கப் போனார்.

“ஹலோ.”

ஓஐசி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் மட்டும்தான். “ஆமா சேர்... பாக்கியம், ஆமா... பதினொரு வருஷம்... இல்ல சேர், அவங்க முன்னாலயே நிக்கிறாங்க... உங்க சொந்தப் பொறுப்பிலயா?... எழுதித் தரணுமா? சரி, சரி சேர், தேவையில்ல.”

ரிசீவரை வைத்தார். என்னைப் பார்த்து, “உங்க ஐயா பெரிய ஆளுதான்” என்றார். “விடாட்டி ஏன் விடல்லன்னு எழுதித் தரச் சொல்றார்.”

செல்வராசுவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் காலையில் கொடுத்த சட்டையைப் போட்டிருந்தான், பொத்தான் மாறிப் பூட்டியிருந்தான். கன்னத்தில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. “பாத்தியா, சும்மா கேக்கத்தான்னு சொன்னேனே” என்றான். அந்த இடத்திலேயே, அந்த மேசை முன்னாலேயே நின்று, அவன் பெயரைப் படிவத்தில் சொல்லிச் சொல்லி எழுதுவித்தேன். என் சிங்களத்தைக் கேட்டு ஒருவர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஐந்து மணிக்கு லொரி போனது. அதில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெண்கள் வாசலில் நின்றார்கள். நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடந்து போனேன். அந்த நாளில் எனக்கு மறக்காத நடை அதுதான்.

மறுநாள் காலையில் சாரதிதான் சொன்னார். புதுப் பிரதம மந்திரி சரியாக மூன்று நாற்பதுக்கு வாசலில் வந்து நின்றாராம். வெள்ளித் தட்டு இருந்தது, சாவி இருந்தது, கொடுக்க வேண்டியவர் இல்லை. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம். கடைசியில் பியோன் ஒருவர் தட்டை எடுத்து நீட்டினாராம். அதற்குள் நல்ல நேரம் தவறிவிட்டது என்று புது ஆட்களுக்கு முகம் கறுத்துவிட்டதாம்.

அந்த மாதம் முடிவதற்குள் பியசேன மாத்தயாவுக்கு மாற்றம் வந்தது. நகரத்துக்கு வெளியே, பழைய கோப்புகள் வைக்கிற ஏதோ களஞ்சியம். கடிதத்தில் காரணம் எழுதியிருக்கவில்லை. புவனா மிஸ் அதைத் தட்டெழுதிவிட்டு, அன்றைக்கு முழுக்க ஒரு பகிடியும் விடவில்லை. அவவின் தாளைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. புதுப் பிரதம மந்திரி எனக்கு ஒரு நல்ல கோப்பைதான். சீனி ஒன்றரைக் கரண்டி. அந்தச் சாவி விஷயம் அவருக்குத் தெரிந்திருக்குமா என்று கூட எனக்குத் தெரியாது.

கடைசி நாளன்று மாத்தயா தன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழக்கம் போல வரவில்லை. வேறு ஒன்றுதான் வந்தது.

“நீங்க வாசல்ல நின்னுருக்கணுமே ஐயா.”

“ஓம். நிண்டிருக்கவேணும்.” குடையை எடுத்துத் தூசியைத் தட்டினார். “வாசலிலை நிக்க நாப்பது பேர் இருந்திச்சினம், பாக்கியம். ரெலிபோனுக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இருக்கேல்லை.”